வெற்றிலைப் பெட்டி

அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்த புகையிலையைப் போன வருடம் எடுத்துக் குப்பையில் போட்டேன். பல் வலிக்கிறது என்று வாயைத் திறந்து காட்டியபோது, கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. பயத்தில் செய்ததுதான். ஆனாலும் அவளைக் கேட்காமல் செய்தேன்.

அம்மா சத்தம் போடவில்லை. "நடவுக்குக் குனிஞ்சா கஞ்சி வர்ற வரைக்கும் வயித்துல ஒண்ணும் கெடையாது. இத ஓரமா அடக்கிக்கிட்டா பசி தெரியாது. அப்பல்லாம் எவளும் புடுங்கிப் போட வரலடி" என்றாள்.

மன்னார்குடிப் பக்கத்து வயல்களில் முப்பது வருடம் நாற்று நட்டவள். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். இப்போது கல்லூரியில், 'உன் உடல் உன்னுடையது' என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வருகிறார். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர். பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு, "உப்பக் குறைங்கக்கா, தெனம் கொஞ்சம் நடங்க" என்பார். ஆயுசு முழுக்க வரப்பில் நடந்தவள் சிரிப்பாள். காலையிலிருந்து வீடு வீடாக நடந்து வந்த அவரும் சிரித்துவிடுவார்.

இதையெல்லாம் 'வாழ்க்கைமுறை நோய்' என்கிறோம். முறை என்றால் நாமே பார்த்து அமைத்துக்கொண்டது போல ஒலிக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு உடல் எடை அதிகம். 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எடையும் கூடுதல், ரத்தமும் இல்லை. இது எப்படி என்று கேட்பவர்கள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு எங்கள் வீட்டுச் சட்டியை எட்டிப் பார்த்திருந்தால் போதும். மீன் துண்டுகள் அண்ணன்களோடு போயிருக்கும். மிஞ்சுவது சோறும் அடிக்குழம்பும்தான். சோற்றை வீணாக்கக் கூடாதே என்று அம்மா கூடவே ஒரு கை போட்டுக்கொள்வாள்.

ஆகவே தப்பு அம்மாவுடையது அல்ல, பசியுடையது, கூலியுடையது என்று முடித்துவிடலாம். நானும் அப்படி ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். அதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்ததுதான் சிக்கலானது. "பசிக்குத்தான் ஆரம்பிச்சேன். அப்பறம் புடிச்சுப் போச்சு" என்றாள். நாலு பேர் வரப்பில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்கும் அந்தப் பத்து நிமிடம் மேஸ்திரியும் ஒன்றும் சொல்ல மாட்டாராம். வீட்டில்கூட அப்படி ஒரு பத்து நிமிடம் அவளுக்குக் கிடைத்ததில்லை.

அவள் தேர்ந்தெடுக்கவே இல்லை என்று நான் சொன்னால், இரக்கத்தின் பெயரில் அவளுடைய விருப்பத்தைப் பறிக்கிறேன். தேர்ந்தெடுத்தாள் என்றால், பசியை மறந்துவிடுகிறேன். இரண்டும் உண்மை என்பது வசதியான பதில். ஆனால் அந்தத் திட்டுக்கு இந்த வாதம் எதுவும் தெரியாது. யார் விரும்பிப் போட்டார்கள், யார் பசிக்குப் போட்டார்கள் என்று புற்றுநோய் பார்ப்பதில்லை. மரியாதை என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது மரியாதையா, கைகழுவலா? பிடுங்கி எறிவதும் மரியாதை இல்லை. அதை ஊரில் எல்லா ஆண்களும் அவளுக்குச் செய்திருக்கிறார்கள்.

கடைசியில், எனக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகச் சொன்னேன். முன்பே சொல்லியிருக்கலாம். அவள் படிக்காதவள், பயந்துவிடுவாள் என்று நானே முடிவு செய்திருந்தேன். கேட்டுவிட்டு, "எப்ப ஆஸ்பத்திரிக்குப் போவணும்?" என்றாள்.

சதை எடுத்துச் சோதித்தார்கள். இப்போதைக்குப் புற்று இல்லை, புகையிலையை விட்டே ஆகவேண்டும் என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, "சரி, வெத்தல பாக்கு மட்டும் போட்டுக்கலாம்ல?" என்றாள்.

பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லிவிட்டது.

"பாக்கும் ஆகாதும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மடியிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்து, ஒரு வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவி மடித்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.