தாயின் கூரையும் மகனின் கடனும்

பெற்ற தாய் தன் வீட்டை மகன் பெயருக்கு எழுதி வைக்கிறாள். "என் ஜீவன் உள்ள மட்டும் இங்கேயே இருந்து கொள்வேன்" என்பது ஒன்றே அவள் கேட்டது. மகன் அவ்வீட்டை வங்கியில் ஈடு வைக்கிறான். தவணை தவறுகிறது, ஏல நோட்டீஸ் சுவரில் ஏறுகிறது. அவளுடைய பாத்தியதை என்னவாகும்? மரக்காணம் உப்பளக் கரையில், பெரிய முதலியார்சாவடி போன்ற சாலையோர ஊர்களில், மனை விலை ஏறிவிட்ட இந்நாளில் நாம் யாவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

ஆயுள் வரைக்கும் என்று கூறிக் கொடுக்கும் கொடை, பெற்றவருக்கே முழு உடைமையாகிவிடும் என ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஹிபாவில் வீட்டையே கொடுத்துவிட்டுப் போடும் இத்தகைய நிபந்தனை விழும், கொடை நிற்கும் என்பது ஹனஃபீ சட்டம். ஆயினும், பொருள் வேறு, அதன் பயன் வேறு என்று பிரித்து, ஆயுட்காலப் பயனுரிமை செல்லும் என 1948இல் பிரிவி கவுன்சில் நவாஸிஷ் அலீ கான் வழக்கில் விளக்கியது. ஆகவே பத்திரத்தின் வாசகமே முக்கியம். பயனைத் தாய் தனக்கென வைத்திருந்தால், தன்னிடம் இல்லாத அதனை மகன் எவ்வாறு ஈடு வைப்பான்? ஆனால் கடன் பத்திரத்தில் அவளும் கையொப்பமிட்டிருந்தால் அவளுடைய வாதம் தளர்ந்துவிடும்.

2002ஆம் ஆண்டின் சர்ஃபேஸி சட்டப்படி, நோட்டீஸ் தந்து 60 நாள் கழிந்தால் வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே நடவடிக்கையில் இறங்கலாம். அதனால் பாதிக்கப்பட்டவர் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த முதியோர், அது மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம்.

நிற்க. "நிபந்தனைதான் விழுந்துவிட்டதே, வீடு என்னுடையது" என்று மகன் கூறலாமா? நிபந்தனை விழலாம், கொடுத்த வாக்கு விழாது. பெற்றோரிடம் 'சீ' என்றும் சொல்லாதீர் என்ற அதே பனூ இஸ்ராயீல் ஸூராவில்தான், வாக்குறுதி பற்றி விசாரிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் உள்ளது. வட்டிக்கு வாங்கியது தனிக் குற்றம். கடனைத் தீர்ப்பதும் கடமையே. கடனாளியின் ஜனாஸாவைத் தொழுவிக்க நபியவர்கள் தயங்கியதை நாம் அறிவோம். ஆனால் கடையும் நகையும் வண்டியும் இருக்க, தாயின் கூரையையா முதலில் இழப்பது?

தாய்மார்களே! உயிரோடிருக்கையில் சொத்தை எழுதித் தந்தே ஆகவேண்டும் என்ற கடமை உங்களுக்கில்லை. உங்களுக்குப் பின் வாரிசுப் பங்கை அல்லாஹ்வே வகுத்துள்ளான். எழுதுவதாயின் பயனுரிமையைத் தெளிவாக எழுதிப் பதிவு செய்யுங்கள். பிறர் படித்துக் காட்டாமல் எதிலும் கைநாட்டு வைக்காதீர்கள்.

தாயின் பொருட்டுக் கடன் படுபவன் உண்டு. தன் கடனுக்குத் தாயைத் தெருவில் நிறுத்துபவனாக நம்மில் எவரையும் அல்லாஹ் ஆக்காதிருப்பானாக. ஆமீன்.