தனி இருக்கை

1971இல் அமெரிக்க வானியல் கழகம் ஆனி ஜம்ப் கேனன் விருதுக்கு மார்கரெட் பர்பிட்ஜைத் தேர்ந்தெடுத்தது. பெண் வானியலாளர்களுக்கு மட்டுமே தரப்படும் விருது அது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெண் என்பதற்காக ஒருவரை விலக்கும் பழக்கம் ஒழிய வேண்டும் என்றால், பெண் என்பதற்காகத் தனியே எடுத்துவைக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும் என்பது அவர் வாதம்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் நாம் இரண்டாகப் பிரிவோம். சிலர் கைதட்டுவோம். சிலர், "அவருக்கென்ன, மேலே ஏறிவிட்டார், இனி ஏணி எதற்கு?" என்போம். எனக்கு இரண்டு குரல்களும் பழக்கமானவை. அதனால் முடிவு சொல்வதற்கு முன், மறுத்தவர் எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்தார் என்று பார்ப்பதுதான் நியாயம்.

மார்கரெட் 1919இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1943இல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். போர்க்காலம் அது. ஆண்கள் போர்ப்பணிக்குப் போய்விட்டதால் பல்கலைக்கழக வான்நோக்ககத்தின் தொலைநோக்கி அவர் கைக்கு வந்தது. 1944 ஆகஸ்டில் ஓர் இரவு, பக்கத்தில் பறக்கும் குண்டு வெடித்த அதிர்ச்சியில் அவர் பார்த்துக்கொண்டிருந்த விண்மீன் பார்வையிலிருந்து விலகிப்போனது. மறுபடி தேடிப் பிடித்து வேலையைத் தொடர்ந்தார். போர் முடிந்த பிறகு, கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வான்நோக்ககத்தில் ஆய்வு செய்வதற்கான கார்னகி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். அது ஆண்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது. குண்டு விழுந்த காலத்தில் தொலைநோக்கியைத் தொட முடிந்த பெண்ணுக்கு, அமைதி வந்ததும் அனுமதி இல்லை.

1955இல் அதே உதவித்தொகை அவர் கணவர் ஜெஃப்ரி பர்பிட்ஜுக்குக் கிடைத்தது. ஜெஃப்ரி கோட்பாட்டு இயற்பியலர்; தொலைநோக்கியில் வேலை தெரிந்தவர் மார்கரெட். ஆகவே ஏட்டில் கணவர் ஆய்வாளர், மனைவி உதவியாளர். மலைமேல் வானியலாளர்கள் தங்கும் விடுதிக்கு 'மடாலயம்' என்றே பெயர். அங்கே இடமில்லாமல், தனிக் குடிலில் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுத் தங்கினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, தனிமங்கள் விண்மீன்களுக்குள் எப்படி உருவாகின்றன என்று விளக்கும் புகழ்பெற்ற கட்டுரை வந்தது. நான்கு ஆசிரியர்களில் முதல் பெயர் மார்கரெட்டுடையது. நால்வரில் வில்லியம் ஃபௌலருக்கு மட்டும் 1983இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பிறகு அவர் விண்மீன் திரள்களின் பக்கம் திரும்பினார். ஒரு திரளின் ஒளியை நிறமாலைமானியில் விரித்தால் கோடுகள் தெரியும். சுழலும் திரளின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறு பக்கம் விலகிப் போகிறது. அதற்கேற்பக் கோடு சாய்கிறது. சாய்விலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து நிறையையும் கணக்கிடலாம். இப்படித் திரள் திரளாக நிறுத்துப் பார்த்தார்கள். சில திரள்களின் மையத்தில் மட்டும் கோடுகள் வழக்கத்துக்கு மாறாக அகன்றிருந்தன. அங்கே வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று அதற்குப் பொருள். விண்மீன்கள் எரிவதால் மட்டும் இவ்வளவு ஆற்றல் வராது. இத்தகைய மையங்களில் வன்மையான நிகழ்வுகள் நடக்கின்றன என்பதற்கான சான்றுகளை 1963இல் பர்பிட்ஜ் தம்பதியும் ஆலன் சாண்டேஜும் ஒன்றுதிரட்டி வெளியிட்டார்கள். மையத்தில் மீப்பெரும் கருந்துளை இருக்கிறது, அதில் விழப்போகும் வாயு விழுவதற்கு முன் சூடேறி ஒளிர்கிறது என்ற விளக்கம் அடுத்த ஆண்டுகளில் வளர்ந்து நிலைபெற்றது.

குவாசர்கள் உண்மையில் அவ்வளவு தொலைவில் இருக்கின்றனவா என்று மார்கரெட்டும் ஜெஃப்ரியும் ஐயம் எழுப்பினார்கள். பெரும்பாலான வானியலாளர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. அந்தச் சண்டை நிறமாலைகளையும் தொலைவுகளையும் பற்றியது. அதில் மார்கரெட் மற்றவர்களைப் போலவே வாதிட்டார், மற்றவர்களைப் போலவே மறுக்கப்பட்டார். 'பெண்ணாக இருந்தும் எவ்வளவு செய்திருக்கிறார்' என்ற பாராட்டைவிட, 'உங்கள் முடிவு தவறு, இதோ சான்று' என்ற எதிர்ப்பில் மரியாதை அதிகம். விருதை மறுத்தபோது அவர் கேட்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்: என்னை என் வேலையை வைத்து எடைபோடுங்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுப்புக்குப் பிறகு அந்த விருதே மாறியது. பணியின் தொடக்கத்தில் இருக்கும் இளம் பெண் ஆய்வாளர்களுக்கு உரியதானது. 1990இல் அதைப் பெற்ற மெக் உர்ரி, செயல்மிகு விண்மீன் திரள்களைப் பற்றிய முக்கியமான ஆய்வாளர். 1994இல் பெற்றவர் ஆண்ட்ரியா கெஸ். அடுத்த ஆண்டே ஹவாயின் கெக் தொலைநோக்கியில், நம் பால்வீதியின் மையத்தைச் சுற்றும் விண்மீன்களைப் பின்தொடரத் தொடங்கினார். அவற்றில் ஒன்று 16 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கிறது. அந்தப் பாதைகளிலிருந்து, நடுவே சூரியனைப் போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறை மிகச் சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது என்பது உறுதியானது. 2020இல் அவர் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். 1901இலிருந்து அதுவரை அந்தப் பரிசைப் பெற்ற நான்காவது பெண்.

மார்கரெட் மறுத்ததை இவர்கள் வாங்கிக்கொண்டார்கள். யார் பக்கம் நியாயம்?

நம் வட்டத்துக்கு வருவோம். 'கவிஞர்' என்ற சொல்லின் அர் ஈறு பலர்பாலுக்கு உரியது. அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆனாலும் அழைப்பிதழில் ஆண்கள் 'கவிஞர்' ஆகிறார்கள், நாங்கள் 'பெண் கவிஞர்' ஆகிறோம். மொழி பொதுவாக வைத்திருந்த இடத்தில் அமைப்பாளர் ஒரு தடுப்பு வைக்கிறார். இலக்கிய விழாக்களில் பெண் கவிஞர்களுக்கென்று ஓர் அரங்கு இருக்கும். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. யாப்பைப் பற்றியோ மொழிபெயர்ப்பைப் பற்றியோ பேசும் அரங்குக்கு எங்கள் பெயர் யாருக்கும் நினைவுக்கு வராது. அந்த மதிய அரங்குக்கு நான் போயிருக்கிறேன், போக மறுத்தும் இருக்கிறேன். அங்கே முதல்முறையாக மேடையேறிய ஒரு சின்னப் பெண் வாசித்த கவிதை, அந்த அரங்கு இல்லையென்றால் என் காதுக்கு வந்திருக்காது.

மறுப்பதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும். 1971இல் மார்கரெட்டுக்கு அது இருந்தது: பேராசிரியர் பதவி, ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி, யாரும் தள்ளிவிட முடியாத ஆய்வுகள். அந்த உயரத்திலிருந்து வந்த 'வேண்டாம்' கேட்கப்பட்டது. பெண்களின் நிலையை ஆராயக் கழகம் குழு அமைத்தது. சில ஆண்டுகளில் அவரையே தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். இதையே ஒரு முனைவர் பட்ட மாணவி சொல்லியிருந்தால் கடிதம் கோப்புக்குள் போயிருக்கும், விருது அடுத்தவருக்குப் போயிருக்கும். எனவே மறுப்பதை எல்லாப் பெண்களுக்குமான கடமையாக்க முடியாது. வாங்குகிறவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. இடம் உள்ளவள் மறுக்கலாம், இடம் தேடுகிறவள் வாங்கலாம்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்தத் தனி இருக்கை பொது இருக்கைக்கு இட்டுச் செல்கிறதா, அல்லது பொது இருக்கைக்குப் பதிலாகப் போடப்பட்டிருக்கிறதா? கெஸ்ஸுக்குக் கிடைத்தது முதல் வகை. மார்கரெட் மறுத்தது இரண்டாம் வகை. இதைக் கேட்க வேண்டியது நாற்காலி போடுகிறவர்களிடம். நாமோ உட்கார்ந்தவளிடமும் உட்கார மறுத்தவளிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மவுண்ட் வில்சனின் கதவை மூடியவர்கள் யாரும் தங்கள் கொள்கை சரிதானா என்று இப்படித் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள்.

மார்கரெட் வேலையை விடவில்லை. 1990இல் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கியின் நிறமாலைமானி ஒன்றை உருவாக்கிய குழுவில் இருந்தார். அந்தக் கருவிதான் 1994இல் எம்87 என்ற திரளின் மையத்தில் வாயு சுழலும் வேகத்தை அளந்து, அங்கே ஒரு மாபெரும் கருந்துளை இருப்பதற்கு வலுவான சான்றைத் தந்தது. 2019 ஏப்ரலில் அதே கருந்துளையின் நிழலை உலகம் படமாகப் பார்த்தது. அப்போது மார்கரெட்டுக்கு 99 வயது. மறு ஆண்டு ஏப்ரலில் இறந்தார். ஒரு காலத்தில் உதவியாளர் என்று பதிந்துகொண்டுதான் அவர் அந்த மலைக்குப் போக முடிந்தது. இன்று விண்ணப்பிக்கும் பெண் தன் பெயரிலேயே தொலைநோக்கி நேரம் கேட்கிறாள். அவளிடம் நாம் விருதைப் பற்றிக் கேட்பதற்கு முன், என்ன பார்த்தாய் என்று கேட்கலாம்.