இராப்போஜனமும் இல்லறத்தார் பொழுதும்



ஸ்ரீராம்புரத்தில் ஞாயிறு மாலைகளில் தம்மம் பேசப் போகும்போதெல்லாம் நாம் ஒரு காட்சியைக் கண்டு வந்தோம். திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி முடிந்து, பேச்சுத் தொடங்கிக் கால் மணி ஆகுமுன்பே முன்வரிசையில் சில தலைகள் சாய்ந்துவிடும். பெரும்பாலும் அவை பெண்களின் தலைகள். ஒரு ஞாயிறன்று நாம் சற்றுக் கடிந்தே பேசிவிட்டோம். சினிமாப் பார்க்க மூன்று மணி நேரம் விழித்திருக்கத் தெரிந்தவர்களுக்குத் தம்மம் கேட்கும்போது மட்டும் தூக்கம் வருவானேன் என்று கேட்டோம். கூட்டம் சிரித்தது. தூங்கிய அம்மையார் ஒருவர் திடுக்கிட்டு விழித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாலு மணிக்கு எழுந்தவ ஐயா, மன்னிச்சுக்குங்க" என்றார். சிரித்தவர்கள் அடங்கிப் போனார்கள். நமக்கும் மேலே பேச நா எழவில்லை. அதற்கடுத்த வாரம் பேசியதையே இங்கே எழுதுகிறோம்.

தம்மம் கேட்கையில் தூங்குவது புதிதன்று. பகவானுடைய தலைமாணாக்கர் இருவரில் ஒருவரான மொக்கல்லானரே தூங்கி விழுந்திருக்கிறார். மகத நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அவர் தியானத்தில் அமர்ந்து தலை சாய்த்துக்கொண்டிருந்ததைப் பகவான் அறிந்து வந்து சொன்ன உபாயங்கள் ஏழும் அங்குத்தர நிகாயத்தில் ஏழின் தொகுதியில் இருக்கின்றன. எந்த எண்ணத்தில் இருக்கும்போது தூக்கம் வந்ததோ அந்த எண்ணத்தை விட வேண்டும். கேட்ட தம்மத்தை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்; போதாவிடில் வாய்விட்டு ஓத வேண்டும். காதுமடலை இழுத்துவிட்டுக் கைகால்களைத் தேய்த்துவிட வேண்டும். எழுந்து கண்களை நீரால் கழுவி, நாற்றிசையும் நோக்கி, விண்மீன்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். இரவிலும் பகலின் ஒளியை மனத்தில் நிறுத்த வேண்டும். முன்னும் பின்னுமாக நடக்க வேண்டும். இவ்வளவுக்கும் தூக்கம் விடவில்லையென்றால்? எழும் வேளையை மனத்தில் குறித்துக்கொண்டு, வலப்பக்கமாகச் சிங்கம்போல் ஒருக்களித்துப் படுத்து உறங்கிவிட வேண்டும்.

இதில் வசை ஒன்றும் இல்லை என்பதை நாம் அன்றுதான் கவனித்தோம். பலமுறை படித்த பகுதிதான். காதுமடலை இழுத்துவிடு என்று தாய் சொல்வதுபோலச் சொல்லிய வாயிலிருந்து, சோம்பேறியே என்ற சொல் வரவில்லை. கடைசி உபாயமோ தூக்கத்துக்குக் கொடுத்த உத்தரவு. தேகம் களைத்திருக்கிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று படிப்படியாகச் சோதித்து, களைப்புத்தான் என்று தெரிந்தால் ஓய்வு கொடுக்கிறார்.

நம்மவர் களைத்திருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஸ்ரீராம்புரத்தாரின் பொழுதை ஆலைச் சங்கு ஆண்டது. ராஜா மில் என்று நம்மவர் வழங்கிய மைசூர் நூற்பாலை 1884-ல் ஏற்பட்டது. பின்னி ஆலையும் மினர்வா ஆலையும் இருந்தன. சங்கு ஊதினால் எழுவது, சங்கு ஊதினால் உண்பது என்று இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்தன. இன்று ராஜா மில் இருந்த இடத்தில் பெரிய அங்காடி மாளிகை நிற்கிறது. 2014 முதல் ஸ்ரீராம்புரத்துக்கு மெட்ரோ ரயிலும் வந்து நிற்கிறது. சங்கு இல்லை. ஆனால் ஓய்வு வந்ததா என்றால் இல்லை. ஆட்டோ ஓட்டுவோருக்கு நடுநிசியிலும் வேலை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களுக்குப் பொழுது புலருமுன் சமையல். தெருக்கூட்டப் போகிறவர்களுக்கு அதற்கும் முன்னதாக எழுச்சி. சங்காவது ஊதி ஓய்ந்தது. கையிலிருக்கும் தொலைபேசி ஓய்வதில்லை.

திகநிகாயத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவான் செய்த உபதேசம் நம் சங்கத்தார் பலர் அறிந்ததே. செல்வம் கரையும் வாயில்கள் ஆறு என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. கேளிக்கைக் கூட்டங்களைத் தேடி அலைவது அவற்றில் ஒன்று. அப்படி அலைகிறவன், ஆட்டம் எங்கே, பாட்டு எங்கே, வாத்தியம் எங்கே, கதை எங்கே, தாளம் எங்கே, பறை எங்கே என்று கேட்டுக்கொண்டே திரிவானாம். இன்று திரியவும் வேண்டியதில்லை. பாயில் படுத்தபடியே ஆறையும் கேட்கலாம், ஆறும் வரும், பதினோரு மணி ஒரு மணியாகும். (இதை எழுதுகிற நாமும் இதில் குற்றமற்றவர் அல்லோம்.) நாம் சொல்லக்கூடியது சிறிய காரியம்தான். படுக்கும் அறையில் தொலைபேசியை வைக்காதீர்கள். அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுப் படுங்கள். விழித்தெழ மணி அடிக்க வேண்டுமானால் அங்கிருந்தே அடிக்கட்டும். அதை நிறுத்தவாவது எழுந்து நடக்க நேரிடும்.

ஆனால் நாம் முக்கியமாகப் பேச வந்தது இராப்போஜனத்தைப் பற்றி.

மஜ்ஜிம நிகாயத்தில் உதாயி என்னும் பிக்கு தம் பழைய நாட்களை நினைத்துப் பகவானிடம் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. முற்காலத்தில் பிக்குகள் காலையிலும் உண்டார்கள், பிற்பகலிலும் உண்டார்கள், இரவிலும் உண்டார்கள். பகவான் முதலில் பிற்பகல் உணவை விடச் சொன்னார். பின்னொரு நாள் இரவுணவையும் விடச் சொன்னார். உதாயிக்கு அப்போது வருத்தம். காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறார்: வீடுகளில் ருசியான சமையலெல்லாம் இரவில்தான் நடக்கும்; பகலில் நல்ல காய் கிடைத்தாலும் எடுத்து வை, இராத்திரி எல்லோரும் கூடி உண்ணலாம் என்பார்கள். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய வட நாட்டு வீட்டைச் சொல்கிறாரா, ஸ்ரீராம்புரத்து வீட்டைச் சொல்கிறாரா என்று நமக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

பிறகு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். காரிருளில் அவர் பிச்சைக்குப் போய் ஒரு வீட்டின் முன் நின்றார். அங்கே ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மின்னல் வெட்டியது. அந்த வெளிச்சத்தில் அவர் உருவைக் கண்டவள் பிசாசு என்று அலறினாள். பிசாசு அன்று, பிச்சைக்கு வந்த பிக்கு என்று அவர் சொன்னதும், அச்சம் கோபமாக மாறி, வயிற்றுக்காக இந்த இருட்டில் அலைவதைவிடக் கசாப்புக் கத்தியால் வயிற்றை அறுத்துக்கொள்வது மேல் என்று ஏசிவிட்டாள். இரவுணவை விலக்கிப் பகவான் எவ்வளவு துன்பத்தை நம்மிடமிருந்து நீக்கினார் என்று உதாயி வியக்கிறார்.

இப்பகுதியைப் படிக்கிறவர்கள் பிக்குவின் பக்கத்திலிருந்தே படிக்கிறார்கள். நாமும் அப்படியே படித்து வந்தோம். "நாலு மணிக்கு எழுந்தவ" என்ற சொல்லைக் கேட்ட பின்புதான் அந்தப் பெண் நம் கண்ணில் பட்டாள். இருட்டில், மின்னலே விளக்காக, அவள் ஏன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்? வீட்டார் அனைவரும் உண்டு முடித்துப் படுக்கப் போய்விட்டார்கள். அவளுக்கு வேலை முடியவில்லை. களைப்பின் உச்சியில் நிற்கிறவளிடம் இன்னொரு வயிறு வந்து கை நீட்டுகிறது. அவள் ஏசியதில் வியப்பென்ன?

நம் வீடுகளில் எட்டு மணிக்கு ஒருவர், ஒன்பதரைக்கு ஒருவர், பதினொன்றுக்கு ஒருவர் என்று உண்கிறோம். ஒவ்வொருவருக்கும் குழம்பைச் சுடவைக்க வேண்டும். கடைசித் தட்டு கழுவப்படும்போது நடுநிசி. குழாயில் நீர் வரும் வேளை விடியற்காலமாக இருந்தால் நாலு மணிக்கு எழவேண்டும். அவருக்கு எஞ்சிய தூக்கத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். காலத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று நாம் பெருமை பேசுகிற பல வீடுகளில், ஆண்மக்கள் மிச்சப்படுத்திய நேரம் அனைத்தும் ஒரு பெண்ணின் உறக்கத்திலிருந்து எடுத்த நேரமே.

சிகாலனுக்குச் சொன்ன அதே உபதேசத்தில், வேலைக்காரரை நடத்தும் முறையும் வருகிறது: அவரவர் வலிமைக்கேற்ற வேலை தரவேண்டும், உணவும் கூலியும் தரவேண்டும், நோயில் பேணவேண்டும், நல்ல பண்டத்தைப் பகிர்ந்துண்ண வேண்டும், உரிய காலத்தில் ஓய்வு தரவேண்டும். இந்த ஐந்தையும் முதலாளியிடம் கேட்க நாம் கற்றிருக்கிறோம், கேட்பது நியாயமே. வேலைக்காரருக்கே உரியதென்று பகவான் சொன்ன ஓய்வு, வேலைக்காரியல்லாத மனைவிக்கும் தாய்க்கும் கிடைக்கிறதா?

ஆகவே நாம் சொன்ன யோசனை இதுதான். பிக்குகளைப்போல் இரவுணவை விட்டுவிடச் சொல்லவில்லை. உபோசத நாளில் எட்டுச் சீலம் ஏற்பவர்களுக்கே அது. உழைக்கிற தேகத்துக்கும், கர்ப்பிணிக்கும், நீரிழிவுக்கு மருந்துண்பவருக்கும் பட்டினி கூடாது. இரவுணவை முன்னதாக, இலேசாக, வீட்டிலிருப்போர் ஒருங்கே அமர்ந்து உண்ணுங்கள். பிந்தி வருகிறவர் தம் தட்டைத் தாமே எடுத்து, தாமே கழுவி வைக்கட்டும். ஐந்து நிமிஷ வேலை அது.

அளவைக் குறைப்பதும் ஒரே நாளில் வேண்டாம். கோசல மன்னன் பசேனதி ஒரு துரோண அளவு சோறுண்டு மூச்சு வாங்கிக்கொண்டு பகவானிடம் வந்தான். உணவில் அளவறிந்தவனுக்கு வேதனை குறையும், மூப்பு மெல்ல வரும் என்னும் பொருளுடைய செய்யுள் ஒன்றைப் பகவான் சொன்னார். சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அதைப் பாடம் செய்யவைத்து, தான் உண்ணும்போதெல்லாம் சொல்லுமாறும், அதற்கு நாளொன்றுக்கு நூறு கஹாபணம் தருவதாகவும் மன்னன் ஏற்பாடு செய்தான். படிப்படியாக ஒரு நாழிச் சோற்றுக்கு வந்து, மெலிந்த தன் அங்கங்களைத் தானே தடவிப் பார்த்து மகிழ்ந்தான் என்று சம்யுத்த நிகாயம் கூறுகிறது. மன்னனுக்கு நினைவூட்ட நூறு காசு வேண்டியிருந்தது. நமக்குப் பள்ளி செல்லும் பேத்தி போதும். காசில்லாமலே நினைவூட்டுவாள், உரக்கவும் சொல்லுவாள்.

காலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கஞ்சி பசியையும் தாகத்தையும் தீர்க்கும், வாயுவை அடக்கும், நீர்ப்பையைச் சுத்திசெய்யும், செரியாது நின்றதைச் செரிக்கச் செய்யும் என்று பகவானே ஐந்து நன்மை எண்ணியிருக்கிறார். இரவே நீரூற்றி வைத்த பழஞ்சோற்றையும் கேழ்வரகுக் கூழையும் ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்பட்டு, விடியற்காலையில் மாவாட்டித் தோசை வார்த்தே தீரவேண்டுமென்று யார் விதித்தார்? வாரத்தில் மூன்று நாள் கூழென்றால் அந்த மூன்று நாளும் அடுப்படியில் அரைமணி மிச்சம். நடையின் நன்மைகளும் ஐந்து: வழிநடக்க வலிமை, முயற்சிக்குத் தாங்கும் தேகம், நோய்க்குறைவு, செரிமானம், நிலைத்த மன ஒருமை. மெட்ரோ நிலையம் வரை ஆட்டோவுக்குக் காத்து நிற்பவர் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம்.

இவ்வளவும் கேட்ட ஓர் இளைஞர் மறுநாளே நாலு மணிக்கு எழுந்து, ஐந்து மைல் நடந்து, ஒருவேளையே உண்டு, பத்தாம் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். சோணர் கதையை நாம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது நம் தவறு. பாதங்களில் இரத்தம் கசிய நடந்து சலித்த சோணரிடம், வீணை வாசித்தவரான அவருக்கே விளங்கும்படி, நரம்பை மிக முறுக்கினாலும் நாதமில்லை, மிகத் தளர்த்தினாலும் இல்லை என்று பகவான் காட்டினார். இளைஞர் இப்போது நலம். ஒரு மைல் நடக்கிறார்.

நம் கூட்டத்திலும் சில மாற்றங்கள் செய்தோம். முக்கால் மணிப் பேச்சை இருபத்தைந்து நிமிஷமாக்கினோம். அதனால் தம்மத்துக்குக் குறைவொன்றும் வந்ததாகத் தெரியவில்லை. நடுவே எல்லோரும் எழுந்து, வாயிற்படியருகே வைத்திருக்கும் வாளி நீரில் கண் கழுவி, வீதிவரை நடந்து வருகிறோம். வானம் தெளிவாயிருந்தால் பிள்ளைகள் விண்மீன் காட்டுகிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு கூட்டத்துக்குப் பின் உணவு. சமையலும் பாத்திரமும் அன்று ஆண்களுடைய பொறுப்பு. முதல் மாதம் சோறு குழைந்துவிட்டது.

அந்த அம்மையார் தவறாமல் வருகிறார். சில ஞாயிறுகளில் இன்னும் தூங்குகிறார். பக்கத்திலிருப்பவர்கள் அவரை எழுப்புவதில்லை. சுவரோரம் பாய் ஒன்று விரித்து வைத்திருக்கிறோம்.