யாருடைய நேரம்?

'வேலையைக் குறைச்சுக்கோ, உனக்குன்னு நேரம் ஒதுக்கு, முக்கியமானதை மட்டும் செய்' என்று புத்தி சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல புத்திதான். ஆனால் நம் நேரம் நம் கையில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள்தான் இப்படிச் சொல்ல முடியும். சேரியில் பிறந்தவர்களுக்கு அது எப்போது கையில் இருந்தது?

என் தாத்தா தன் நாளைத் தானே தீர்மானித்ததில்லை. ஊருக்குள் ஒரு சாவு விழுந்தால் நடுராத்திரியானாலும் எழவு சொல்லப் போகணும். சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் போகணும். மாடு செத்தால் தூக்கணும், திருவிழா வந்தால் பறையடிக்கணும். குரல் வந்தால் தின்ற சோற்றை வைத்துவிட்டு எழுந்திரிக்கணும். கூலி பறிபோனதை எழுதியிருக்கிறோம், நிலம் பறிபோனதை எழுதியிருக்கிறோம். நேரம் பறிபோனதை அவ்வளவாக எழுதவில்லை. 'இனி எழவு சொல்லப் போகமாட்டோம்' என்று நம்ம சனங்கள் மறுத்தபோது மீட்டது மானத்தை மட்டுமல்ல, தங்களோட ராத்திரியையும்தான்.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஆலைத் தொழிலாளியின் வார வேலை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான். வாரத்துக்கு 6 மணி நேரம் தொழிலாளிக்குத் திரும்பி வந்தது. வயக்காட்டில் உழைத்த நம்ம சனத்துக்கு அந்தக் கடிகாரம் வந்து சேரவில்லை.

இன்று எனக்குப் பண்ணையார் இல்லை. ஆனாலும் நாள் என் கையில் நிற்கவில்லை. காலையில் வேலைக்கு ஓட்டம், சாயங்காலம் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை உண்மையறியும் குழு, நடுவில் மனு, துண்டறிக்கை, விடுதி மாணவர்களின் பிரச்னை. 'தோழர், பெண்கள் சார்பா ஒருத்தர் மேடையில வேணும்' என்று போன் வரும். எழுத நினைத்த கட்டுரை நாலு வருசமாக நோட்டிலேயே கிடக்கிறது. வரலைன்னு சொன்னால் 'அவங்க எழுத்தாளர் ஆயிட்டாங்க' என்று பேச்சு.

எனக்கென்று இரண்டு மணி நேரம் கேட்பது சுயநலமா? இல்லை என்றே நினைக்கிறேன். வன்கொடுமை நடந்த ஊருக்கு உடனே போகணும். ஒரு நாள் தள்ளினால் சாட்சியை மிரட்டிக் கலைத்துவிடுவார்கள். அதில் பேச்சே இல்லை. ஆனால் ஐந்து மணிக் கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்கும் வரை உட்கார்ந்திருப்பதும், பொன்னாடை மேடையில் இடம் நிரப்புவதும் எந்தக் கணக்கில் இயக்க வேலை? இயக்கம் நம்முடையதுதான். அதுக்காக யார் கூப்பிட்டாலும் ஓடணும் என்றால், தாத்தா விட்ட ஊழியத்தை நாம் வேறு பெயரில் செய்கிறோம். அயோத்திதாசர் வைத்தியமும் பார்த்துக்கொண்டு 1907 முதல் 1914இல் சாகும்வரை வாரந்தோறும் பத்திரிகை நடத்தினார். அவர் எழுதி வைத்ததால்தான் 1999இல் அது தொகுப்பாக வந்து நம்மில் பலரின் கைக்கு எட்டியது. எழுத்தும் அவசர வேலைதான்.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். நான் மிச்சம் பிடிக்கிற நேரம் எங்கிருந்து வருகிறது? அம்பேத்கர் லண்டனில் படித்தபோது பம்பாயில் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கியவர் ரமாபாய். பெற்ற பிள்ளைகளில் ஒருவரைத் தவிர மற்றவர்களைப் பறிகொடுத்தவர். 1935இல் அவரும் போய்விட்டார். பாகிஸ்தான் பற்றி 1940இல் வெளிவந்த தன் நூலை அம்பேத்கர் அவர் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார். அந்தக் கடனை அவர் அறிந்திருந்தார். நம்ம தோழர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? 'குடும்பத்தைப் பற்றிக் கவலைப்படாம முழுநேரமா இறங்கிட்டார்' என்று பாராட்டுகிறோம். கவலைப்பட வேற ஒருத்தி இருக்கா என்பதுதான் அதன் அர்த்தம்.

நானும் என் இரண்டு மணி நேரத்தை என் அம்மாவிடமிருந்து பிடுங்கலாம். அவள் சம்மதிப்பாள், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். ஆனால் அவளுக்கு எந்த வயசில் ஓய்வு? அதனால் வாரத்தில் இரண்டு சாயங்காலம் கூட்டம் இல்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். அந்த நாட்களில் வீட்டு வேலை என் துணைவருடையது. இதுக்கு அவர் சம்மதிக்க ஒரு மாசம் சண்டை நடந்தது. அந்தச் சண்டையும் இயக்க வேலைதான்.

தோழர்களே, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்போது ஒன்று கேளுங்கள்: அன்னைக்கு ராத்திரி உங்க வீட்டில் சோறாக்குறது யார்?