நபிமார் இல்லாத சுவர்

மைசூருக்குப் பக்கத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகையில் மேற்குச் சுவரில் பொள்ளிலூர்ப் போர். காஞ்சிபுரத்தை அடுத்து 1780இல் ஆங்கிலேயப் படை நொறுங்கிய அந்த நாளை, 1784இல் இந்த மாளிகையைக் கட்டிய திப்பு சுல்தான் தீட்டவைத்தார். பல்லக்கில் இருப்பவர் காயம்பட்ட கர்னல் பெய்லி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பசுவும் பன்றியும் தெரியும் இடம், காலம் தாழ்த்தி வந்த ஹைதராபாத் நிஜாமைக் குத்திக்காட்டுவதாக ஒரு கதையும் உண்டு. சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டு, பிறகு ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் உத்தரவுப்படி மறுபடியும் தீட்டப்பட்ட சுவர் அது. இன்று யாரை யார் என்று சொல்வதிலும் ஓவியத்துக்குப் பாதி, சொல்லிவந்த வாய்களுக்குப் பாதி.

இத்தனை முகங்கள் நெருக்கும் சுவரில் ஒரு நபியின் கதைகூட இல்லை.

இஸ்லாத்தில் உருவம் கூடாது, அதனால்தான் என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் போதாது. உருவமே கூடாதென்றால் குதிரைப்படையும் அரசர்களும் அங்கே எப்படி வந்தார்கள்? நபி ஒருவரையே சுவரில் தீட்டிய முஸ்லிம் அரண்மனையும் உண்டு, அதுவும் இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டுகளிலேயே.

ஜோர்டான் பாலைவனத்தில் குஸைர் அம்ரா என்றொரு சிறு மாளிகை இருக்கிறது. விருந்துக்கூடமும் வெந்நீர்க் குளியலறையும் சேர்ந்த கட்டடம். உமையா இளவரசர் வலீத் இப்னு யஸீத், 743இல் கலீஃபா ஆவதற்கு முன் கட்டியது. அங்கே ஒரு சுவரில் ஆறு அரசர்கள் நிற்கிறார்கள். ரோமப் பேரரசர், பாரசீகத்தின் கிஸ்ரா, ஸ்பெயினின் ரோடரிக், அபிசீனியாவின் நஜாஷி ஆகிய நால்வரின் பெயர்களைக் கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதிவைத்திருப்பதால் அவர்களை அறிவதில் சிக்கலில்லை. 2010க்குப் பிறகு நடந்த சீரமைப்பில் அழுக்கும் பழைய மேல்பூச்சும் நீங்கியபோது, மீனும் கடலுமாகத் தெரிந்த ஒரு காட்சியை யூனுஸ் நபியின் கதை என்று அறிஞர்கள் இனங்கண்டார்கள்.

இங்கேதான் கேள்வி கனக்கிறது. ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் கிறிஸ்தவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே தீட்டிவந்த கதை இது. மீன் விழுங்கியதும், கரையில் உமிழ்ந்ததும், கொடி நிழல் தந்ததும் பைபிளில் உண்டு, குர்ஆனிலும் உண்டு. அப்படியானால் அந்தச் சுவரில் இருப்பவர் கிறிஸ்தவர்களின் யோனாவா, முஸ்லிம்களின் யூனுஸா? தூரிகை பிடித்த கை பழைய கிரேக்க மரபில் பழகியதாக இருக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தவர்கள் யூனுஸின் பெயரை ஓதக் கேட்டவர்கள். பார்ப்பவரின் நெஞ்சில் எந்தக் கதை முன்பே இருக்கிறதோ, அதுவே நபிக்குப் பெயர் சூட்டுகிறது. தீட்டியவரின் மரபை மட்டும் வைத்து இதை முடிவுகட்ட முடியாது.

டெல்லி செங்கோட்டையிலும் இதே சிக்கல். ஷாஜஹானின் அரியணை மாடத்துக்குப் பின்னால், கிரேக்கப் புராண இசைஞன் ஆர்ஃபியஸைச் சுற்றி விலங்குகள் மயங்கியிருக்கும் ஒரு கல்பதிப்பு உண்டு. உருவம் ஐரோப்பியக் கைவேலை. கலை வரலாற்றாளர் எப்பா கோக் அதைச் சுலைமான் நபியின் அரியணையோடு சேர்த்துப் படித்தார்: சிங்கமும் ஆடும் ஒன்றாய் அடங்கியிருக்கும் நீதியரசு. வண்ணக்களஞ்சியப் புலவர் சுலைமான் நபியைப் பாடிய 'இராஜநாயகம்' படித்த தமிழருக்கு, விலங்கும் பறவையும் சூழ்ந்த அந்த அரசவை புதிதாக இராது.

ஆனால் குஸைர் அம்ராவும் செங்கோட்டை மண்டபமும் தொழுமிடங்கள் அல்ல. கோடு அங்கேதான் விழுகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அந்தக் கோட்டினை நடந்தே பார்க்கலாம். தோட்ட மாளிகையில் மனிதக் கூட்டம். கோட்டைக்குள் திப்பு எழுப்பிய மஸ்ஜிதே ஆலாவில் உருவமில்லை, எழுத்து இருக்கிறது. தந்தை ஹைதரும் திப்புவும் உறங்கும் கும்பஸின் உட்சுவரில் புலிவரிகள் மட்டும். முகம்மது நபியின் மருமகனான அலியை இறைவனின் சிங்கம் என்று போற்றும் அரபுத் தொடரைப் புலிமுகமாக வளைத்துத் தன் ஆயுதங்களிலும் பொறித்துக்கொண்டார் திப்பு. அலியின் முகத்தைத் தேடுபவருக்கு அவருடைய பெயரே முகமாக எதிர்ப்படுகிறது.

ஆகவே நபிமார் மைசூர் அரசில் இல்லை என்று சொல்வது தவறு. 1799இல் கோட்டை விழுந்தபின் அரண்மனையில் ஒரு சிறு ஏடு அகப்பட்டது. திப்பு தன் கையால் பாரசீகத்தில் எழுதிவைத்த கனவுக் குறிப்பு. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அந்த ஏட்டின் கனவுகளில் முகம்மது நபியும் வருகிறார், அலியும் வருகிறார். அந்தக் கனவுகளை எந்த ஓவியரிடமும் அவர் கொடுக்கவில்லை. யாருக்கும் காட்டாமல் தன்னிடமே வைத்துக்கொண்டார்.