ஒரு முறை சொன்னவள்

டர்பன் நகரத்தின் வடக்கே, உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு கண்டல் காடு இருக்கிறது. பீச்வுட் என்று பெயர். சுற்றிலும் பெருநகரம் நெருக்கிக்கொண்டிருக்க, நடுவில் சேறும் நண்டுமாக அது பிழைத்துக் கிடக்கிறது. சிதம்பரம் பக்கம் பிறந்தவள் நான். பிச்சாவரத்தில் மொத்தக் காட்டையுமே சுரபுன்னைக் காடு என்றுதான் சொல்வோம். அதே சுரபுன்னையையும் அதே வெண்கண்டலையும் இந்தியப் பெருங்கடலின் இன்னொரு கரையில் பார்த்தபோது, ஏதோ சொந்தக்காரர்களைக் கண்டதுபோல் சிரித்துவிட்டேன்.

என்னை அங்கே கூட்டிப்போனவர் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி. உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரை எழுதக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. அங்கே எல்லாரும் கூப்பிடுவதுபோல நானும் ‘ஆன்ட்டி’ என்றே கூப்பிட்டேன். அவர் என்னை ‘மா’ என்றார். தமிழ் படிக்கவோ பேசவோ அவருக்குத் தெரியாது. ஆனால் பாட்டியை ‘ஆயா’ என்பார். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை அவர்கள் ‘கஞ்சிப் பிரார்த்தனை’ என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். நாங்கள் பேசிக்கொண்டதும் ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அந்தக் கரையைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. வடக்கிலிருந்து இறங்கி வரும் அகுல்லாஸ் என்ற வெந்நீரோட்டம் இந்தக் கரையைக் கதகதப்பாக வைத்திருப்பதால்தான் இவ்வளவு தெற்கே கண்டல் வளர்கிறது என்றார். ஜூன், ஜூலையில் சாளை மீன் கூட்டம் கரையோரமாக வருவதையும், அப்போது கரைவலை இழுக்க ஊரே கூடுவதையும் சொன்னார். சேற்றிலிருந்து பென்சில்போல நீட்டிக்கொண்டிருந்த வெண்கண்டலின் மூச்சுவேர்களைக் காட்டி, “இதன்மேல் கால் வைக்காதே மா. மரம் இதால்தான் மூச்சு விடுகிறது” என்றார். ஒவ்வொரு அடிக்கும் அவர் காலைப் பார்த்தே என் காலை வைத்தேன்.

சுரபுன்னைக் காய் மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, விழுந்து, தண்ணீரில் மிதந்துபோய் வேறொரு கரையில் வேர் பிடிக்கும். கவிதை எழுதுகிறவளுக்கு இது போதாதா? “உங்கள் முன்னோர்கள்போல” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“விதை தானாக விழுகிறது. அவர்களை எண்ணி, எண் போட்டுக் கப்பலில் ஏற்றினார்கள். இரண்டும் ஒன்றில்லை.”

வெட்கமாக இருந்தது. நடந்ததை இயற்கையாக்கிவிடும் உவமை, நடத்தியவர்களைத் தப்பவிட்டுவிடுகிறது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16ஆம் தேதி டர்பன் வந்து சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். உள்ளூர் ஜூலு மக்கள் வெள்ளையரின் கரும்புத் தோட்டங்களில் கொத்தடிமையாக உழைக்க மறுத்ததால் இங்கிருந்து ஆள் பிடித்தார்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் ஏற்றப்பட வேண்டும் என்று விதி இருந்தது. அந்த நாற்பதை நிரப்பத்தான் பெண்கள் தேடப்பட்டார்கள். தோட்டத்தில் பெண்ணுக்குக் கூலி ஆணின் கூலியில் பாதி, ரேஷனும் பாதி.

நான் நெய்தல் திணையில் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவள். நெய்தலில் பெண் கரையில் நின்று இரங்குவாள். கடலுக்குப் போகிறவன் ஆண். கடல் கடந்து போகும் வழக்கம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் விதியே சொல்கிறது. இருபது வருடமாக அந்த விதியை வகுப்பில் நடத்துகிறேன். புருஷனில்லாமல் கப்பலேறிய பெண்களுக்கு எந்தத் திணையில் இடம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுநாள் வடக்கே கடலோரமாகக் காரில் போனோம். ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பாக இருந்த உம்லங்கா மேட்டில் இப்போது பேரங்காடிகளும் அடுக்குமாடிகளும். கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு காலத்தில் கரும்பாலை ஊராக இருந்த மவுண்ட் எட்ஜ்கோம்பும் அங்கே பழைய கோயிலும். “எங்கள் ஆயாவின் அம்மா இந்தப் பக்கம்தான் ஒரு தோட்டத்தில் இருந்தாள்” என்றார். எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை.

அன்று மாலை அவர் வீட்டில் ஒரு கோப்பைக் காட்டினார். கப்பல் பட்டியலின் நகல் ஒரு தாள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். வயது இருபத்திரண்டு. இடது கையில் தழும்பு. கூட வந்தவர் யாருமில்லை. அடியில் இன்னொரு தாள் இருந்தது. இந்தியக் குடியேறிகளுக்கான பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி இருந்தார். தோட்டத்தில் நடக்கும் கொடுமைகளை அவரிடம் முறையிடலாம். அந்தப் பெண் ஒரு முறை போய் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள்.

கையை நீட்டினேன். அவர் கோப்பை மூடிவிட்டார். “இது இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள். என்ன இருக்கிறது என்பது வேண்டாம்.”

ஆனால் முதல் தாளை, அவர் அனுமதியோடுதான், கைபேசியில் படம் எடுத்திருந்தேன். எண் என்னிடம் இருந்தது. அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து, கணினியில் கிடைத்த பட்டியல்களில் அந்த எண்ணைத் தேடினேன். அவளுடைய வரி கிடைத்தது. வாக்குமூலம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் படித்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்ட வார்த்தைகள் நாம் எல்லாரும் அறிந்தவைதாம். பெண்களின் மௌனத்தைக் கலைக்க வேண்டும். வரலாறு விட்டுவிட்டவர்களை எழுத வேண்டும். இவை தவறில்லை, நானே மேடைகளில் பேசியவை. ஆனால் அந்த இரவில் அவை எனக்கு ஒரு திறவுகோல்போலப் பயன்பட்டன. இன்னொருத்தி பூட்டிய கதவில் அதைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

காலையில் அவரிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: “குடும்ப மானத்துக்காக மறைக்கிறேன் என்று நினைத்தாயா?”

ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். நினைக்கவும் காரணம் உண்டு. நம் வீடுகளில் எத்தனை பெண்களின் கதைகள் மானத்தின் பேரில் புதைக்கப்பட்டிருக்கின்றன. பேத்திகள் காவல் நிற்பது பாட்டிக்காகவா, குடும்பப் பெயருக்காகவா என்று கேட்பது அநியாயமான கேள்வி இல்லை.

“என் அம்மா மறைத்தது மானத்துக்காகத்தான்” என்றார். “நான் அப்படியில்லை. அவள் பேசாமல் இருந்தவள் இல்லை மா. தோட்டத்திலிருந்து நடந்தே போய், ஒரு வெள்ளைக்காரனிடம், நடந்ததைச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளன் ஆண். எழுதிக்கொண்டவன் ஆண். எழுதி முடித்து அவளை அதே தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பினான். அதுவும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. அவள் ஒரு முறை சொன்னாள், ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கு எதுவுமே செய்ய முடியாத ஆட்களுக்கு முன்னால் மறுபடி அவளைச் சொல்லவைக்க நான் யார்?”

என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுதாக இல்லை.

ஊர் திரும்பி முதுகலை வகுப்பில் பெயர் சொல்லாமல் இதைச் சொன்னேன். ஒரு மாணவி உடனே கேட்டாள்: “அப்படி எல்லாரும் மூடிவைத்தால், அங்கே என்ன நடந்ததென்று எப்படி மேம் தெரியும்?” சரியான கேள்வி. பிறகு நெடுநேரம் யோசித்தேன். என்ன நடந்ததென்று தெரிய அந்த ஒரு தாள்தான் வேண்டுமா? பாதிக் கூலி தெரியும். பாதி ரேஷன் தெரியும். நாற்பது என்ற கணக்கு தெரியும். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க நினைத்தவர்கள்மேல் போட்ட மூன்று பவுண்டு தலைவரி தெரியும். பெண்களிடமும் அது வசூலிக்கப்பட்டது. முறையிட்டவளைத் திருப்பி அனுப்பிய அலுவலகம் தெரியும். குற்றம் சாட்ட இவை போதும். இவை எல்லாம் கையில் இருந்தும், காயத்தைக் காட்டினால்தான் நம்புவேன் என்று நிற்பது நீதிக்கான தேவையா, அல்லது வாசிக்கிறவளின் பசியா?

வள்ளியம்மையை நினைத்துக்கொள்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அந்தப் பெண், 1913 போராட்டத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்தாள். ஊருக்கு முன்னால் நின்று சிறைக்குப் போனது அவளே எடுத்த முடிவு. அவள் கதையைச் சொல்லும்போது அவள் தொடங்கியதை நாம் தொடர்கிறோம். இந்தப் பெண்ணோ உதவி கேட்டு ஓர் அறைக்குள் சொன்னாள். எல்லாரும் கேட்கட்டும் என்று சொல்லவில்லை. இரண்டும் பேச்சுதான் என்றாலும் ஒரே பேச்சு இல்லை.

வாயடைக்கப்பட்டவளின் மௌனத்தை உடைப்பது நம் வேலை. சொல்லிப் பார்த்துவிட்டு வாய் மூடிக்கொண்டவளின் மௌனம் அவளுடையது. எது எது என்று வெளியிலிருந்து பார்க்கிறவளுக்குச் சுலபமாகத் தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை நம்பவும் வேண்டும். அந்தக் கரையின் மண்ணையும் மீனையும் மரத்தையும் பற்றி ஆன்ட்டி சொன்ன எதையும் நான் சந்தேகிக்கவில்லை. தன் ஆயாவின் அம்மாவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் சந்தேகித்தேன். வழிகாட்டி என்றேன், அவர் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை.

ஆனாலும் அந்த மாணவியின் கேள்வி போய்விடவில்லை. ஆன்ட்டிக்குப் பிறகு அந்தக் கோப்பு என்ன ஆகும் என்றும் நினைக்கிறேன். அவருக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். அவள் வேறு முடிவு எடுக்கலாம். எடுத்தால் அதற்கான உரிமை அவளுக்கு இருக்கிறது. எனக்கு இல்லை. படத்தை அவர் முன்னாலேயே அழித்துவிட்டேன்.

கிளம்பும் நாளில் அவர் ஒன்று கேட்டார். அந்தப் பெண்ணின் பெயரைத் தமிழில் எழுதித் தர வேண்டும். வீட்டில் யாருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. அவள் பெயர் அவளுடைய மொழியில் எங்குமே எழுதப்பட்டதில்லை.

பேனாவை எடுத்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர் அது. முதலெழுத்து குறிலா நெடிலா என்று அதில் இல்லை. குறிலாகப் படித்தால் ஒரு பெயர், நெடிலாகப் படித்தால் வேறொரு பெயர். இரண்டும் நம் ஊரில் பெண்களுக்கு வைக்கிற பெயர்கள்தாம். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியும் அவள் பெயர் என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டையும் எழுதி, வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு இரண்டையும் தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, தாளை மடித்து அந்தக் கோப்பிலேயே வைத்துக்கொண்டார்.