பிரிந்து செல்லும் உரிமை

எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால் அகதிச் சமூகத்தில் அவனுக்கு ஓய்வில்லை. நாம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டோம். 2006 இல் ஏ9 பாதை மூடப்பட்ட பின் அங்கே படிப்பு நடந்த விதத்தை வாசகர் அறிவர். லண்டன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்று வெங்காயம் வெட்டும் பலகை வரை முன்னேறியிருக்கிறோம். ஆனாலும் உள்துறை அமைச்சின் கடிதம், கவுன்சிலின் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் வாசித்துச் சொல்லும்படி எம்மிடமே வரும்.

சென்ற மாரியில் வந்தது வேறு விதமான கடிதம். எம்முடன் வேலை செய்யும் தம்பி ஒருவன் பகலில் கணனி படிக்கிறான். தான் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றில் தமிழ் எழுத்து உடைந்து தெரிவதைக் கண்டு, அதன் மூலநிரலைத் திறந்து பார்த்துப் பிழையைத் திருத்தியிருக்கிறான். திருத்தத்தை அனுப்பியபோது, அதை ஏற்பதற்கு முன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்படி கம்பனி கேட்டிருக்கிறது.

"அண்ணை, சும்மா குடுக்கிறதுக்கும் சைன் வைக்கச் சொல்லுறாங்கள். வைக்கட்டோ?"

எமக்கு முதலில் வந்தது அகதியின் எண்ணம்: வைக்காதே. விளங்காத மொழியில் தட்டெழுதிய வாக்குமூலத்தின் அடியில் இட்ட கையெழுத்து, பின்னொரு நாள் தமக்கு எதிராகவே வாசிக்கப்பட்ட அனுபவம் எம்மவர் பலருக்கு உண்டு. அடுத்து வந்தது அதற்கு நேர்மாறான எண்ணம்: நல்ல காரியந்தானே, வைத்துவிடு. நாம் அப்படித்தான் வாழ்கிறோம். அந்நியனின் படிவத்தைக் கண்டால் கை நடுங்கும். எம்மவர் நடத்தும் சீட்டுக்கோ ஆயிரக்கணக்கான பவுணை ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லாமல் கட்டுவோம். இரண்டில் எது அறிவு என்று எமக்கே தெரியவில்லை. ஆகவே ஒப்பந்தத்தை இருவருமாக வாசித்தோம்.

திறந்த மூல மென்பொருளை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று அதன் உரிமம் சொல்கிறது. அந்த உரிமம் எல்லோருக்கும் ஒன்றே. பங்களிப்பாளர் ஒப்பந்தமோ அதற்கு மேலதிகமாக ஒரு தரப்புக்கு மட்டும் கொடுக்கப்படுவது. சில ஒப்பந்தங்கள் பதிப்புரிமையையே எழுதி வாங்கும். வேறு சில, உரிமை உன்னிடமே இருக்கட்டும், ஆனால் உன் வேலையை நாம் விரும்பிய எந்த உரிமத்தின் கீழும், மூடிய உரிமத்தின் கீழுங்கூட, வெளியிடுவோம் என்று சம்மதம் வாங்கும். தம்பியிடம் வந்தது இரண்டாவது வகை.

இப்படி ஒன்று இல்லாமல் பெரிய காரியம் நடக்காது என்பார்கள். லினக்ஸ் நடக்கிறது. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய அதன் கருவில் ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு இருக்கிறது. தனியாராயினும் கம்பனியாயினும் அவரவர் துண்டின் உரிமை அவரவரிடமே. 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் ஒரு வரி சேர்க்கப்படுகிறது: இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்ற உறுதிமொழி, அவ்வளவே. உரிமை இப்படிச் சிதறிக் கிடப்பதால் அத்தனை பேரையும் கேளாமல் எவராலும் முழுவதன் உரிமத்தையும் மாற்ற முடியாது. ஒழுங்கீனம் போலத் தெரிவதுதான் அங்கே காவல்.

அதற்காக எழுதி வாங்குவோர் எல்லோரும் கள்ளர் என்று சொல்லவும் எமக்கு மனம் வரவில்லை. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1985 இல் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் நெடுங்காலமாகப் பதிப்புரிமையை எழுதி வாங்கியது. உரிமத்தை மீறுவோருக்கு எதிராக நீதிமன்றம் போக உரிமையாளர் ஒருவர் வேண்டும் என்பது அதன் நியாயம். பதிலுக்கு, அந்த வேலையை என்றும் கட்டற்றதாகவே வெளியிடுவோம் என்று அது வாக்கும் கொடுத்தது. 1998 இல் நோர்வேயில் இதற்கு எதிர்ப்புறமான ஒன்று நடந்தது. கேடிஈ என்ற தொண்டர்களின் திட்டம், ட்ரோல்ரெக் என்ற கம்பனியின் கியூட்டி என்னும் மென்பொருளை நம்பியிருந்தது. கம்பனி கட்டற்ற பதிப்பை வெளியிடுவதை நிறுத்தினால், அதைத் தாராளமான உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் பொது அமைப்பு ஒன்றுக்குக் கிடைக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அங்கே கையெழுத்தால் கட்டுப்பட்டது பலமுள்ள தரப்பு.

எமது நகரத்துக் கதைக்கு வருவோம். உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல், மார்க் ஷட்டில்வேர்த் 2004 இல் தொடங்கிய லண்டன் கம்பனி. 2011 வரை அது பங்களிப்பாளரிடம் பதிப்புரிமையைக் கேட்டது. அதன் பின் மேற்சொன்ன இரண்டாவது வகை ஒப்பந்தத்துக்கு மாறியது. ஒரு கணனிக்குள் பல லினக்ஸ்களைத் தனித்தனியே இயக்கும் எல்எக்ஸ்டி அக்கம்பனி உருவாக்கிய மென்பொருள். எனினும் பல ஆண்டுகள் ஒரு சமூகத் திட்டத்தின் கூரையின் கீழ் வளர்ந்தது. 2023 யூலையில் கனோனிக்கல் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டது. ஓகஸ்டில் சிலர் அதே மூலநிரலை எடுத்துக்கொண்டு இன்கஸ் என்ற பெயரில் தனியே போனார்கள். டிசெம்பரில் கம்பனி எல்எக்ஸ்டியின் உரிமத்தை மாற்றி, ஒப்பந்தக் கையெழுத்தையும் கட்டாயமாக்கியது. புதிய உரிமமும் கட்டற்ற உரிமந்தான்; சட்டம் எதுவும் மீறப்படவில்லை. ஆயினும் இன்கஸ் எழுதுவதை எல்எக்ஸ்டி எடுக்கலாம். எல்எக்ஸ்டி எழுதுவதை இன்கஸ் தன் பழைய உரிமத்தின் கீழ் எடுக்க முடியாது. பாதை ஒருவழிப் பாதையாயிற்று.

இப்படித் தனியே போவதை அத்துறையில் ஃபோர்க் என்கிறார்கள். நாம் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் கழுவும் முள்ளுக்கரண்டிக்கும் அதுவே பெயர். தம்பி இதை விளக்கியபோது எம் நினைவுக்கு வந்தது அத்துறையின் சொல் அல்ல. 'பிரிந்து செல்லும் உரிமை': எம் மூத்தோர் எத்தனை துண்டுப் பிரசுரங்களில், எத்தனை வாசகர் வட்டங்களில் விவாதித்த சொற்கள் அவை! ஓர் இனம் பிரிந்து செல்லும் உரிமைக்காக எழுந்த இயக்கங்கள், தம் உறுப்பினன் ஒருவன் பிரிந்து செல்ல உரிமை கொடுத்தனவா? விலகியவனுக்குத் துரோகி என்ற பெயரும், சிலருக்கு மின்கம்பமும் கிடைத்தன. உயிரோடு வந்தவர்களும் தாம் கொடுத்த எதையும் கொண்டு வரவில்லை. இளமை, வீட்டார் நகை, உழைப்பு எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. மென்பொருளையும் மரணத்தையும் ஒரே தராசில் வைப்பதாக வாசகர் கோபிக்கலாம். அளவு வேறு என்பதை அறிவோம். கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறோம்: கொடுத்தவன் விலகும்போது, கொடுத்ததைத் தானும் எடுத்துக்கொண்டு போக முடியுமா?

அங்கே முடிகிறது. ஒராக்கிள், சன் கம்பனியை வாங்கிய 2010 ஆம் ஆண்டிலேயே ஓப்பன் ஒப்பிஸில் இருந்து பலர் வெளியேறி லிப்ரே ஒப்பிஸைத் தொடங்கினார்கள். ஒரு வரியையும் விட்டுவிட்டுப் போகவில்லை. புதிய வீட்டில் பதிப்புரிமையை எழுதித் தரும்படி எவரையும் கேட்கவுமில்லை. ஒப்பந்தத்தால் இந்த உரிமை அழிவதில்லை என்பது உண்மை. ஏற்கெனவே திறந்தது திறந்ததுதான். ஆனால் ஒப்பந்தம் கையில் உள்ளவருக்கு இன்னொரு கதவும் கிடைக்கிறது. 2023 இல் ஹாஷிகோர்ப் என்ற அமெரிக்கக் கம்பனி தன் புகழ்பெற்ற மென்பொருளின் அடுத்த பதிப்புகளைத் திறந்த உரிமத்திலிருந்து வெளியே கொண்டு போனது. வெளியாரின் பங்களிப்புக்கும் முன்பே கையெழுத்து வாங்கி வைத்திருந்ததால் எவரிடமும் திரும்பிப் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவையும் கேட்டபின், ஒப்பந்தமே வேண்டாம், நம்பிக்கை போதும் என்று சொல்லத் தோன்றும். எமக்கு அப்படிச் சொல்ல முடியாமற் போனதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எமது ஊர்ச் சங்கத்துக்காக, லண்டனில் வாழும் ஊரவர் முதியோரிடம் பழைய கதைகளைக் கேட்டு எழுதினோம். சனசமூக நிலையத்துக்குச் சிரமதானத்தில் கல் சுமந்த கதை, இடம்பெயர்ந்தபோது கிணற்றுக்குள் பாத்திரங்களை இறக்கிய கதை. இரவு வேலை முடிந்து வந்து, கையில் உள்ளி மணக்க மணக்கத் தட்டெழுதினோம். கோப்புகளைச் செயலாளரிடம் கொடுத்தோம். எவரும் எதிலும் கையெழுத்திடவில்லை. ஊர்க்காரரிடம் என்ன கையெழுத்து? மலர் அச்சுக்குப் போகுமுன் நிர்வாக சபை இரண்டாக உடைந்தது. இது சங்கத்தின் சொத்து என்றது ஒரு பக்கம், உண்மையான சங்கம் நாங்களே என்றது மறுபக்கம். கதை சொன்ன முதியோரை எவரும் கேட்கவில்லை. எமது கணனியும் பழுதாகிவிட, மலர் இன்றுவரை வரவில்லை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் பார்த்தவர்களுக்கு முதற்பக்கம் நினைவிருக்கும். தட்டெழுதியவர், பிழை திருத்தியவர் பெயர்கள் அதில் இருக்கும். இம்முகப்பு மாறாதிருக்கும்வரை எவரும் தாராளமாகப் பரப்பலாம் என்று இருக்கும். ஒரேயொரு நிபந்தனை. எமது கோப்பில் அப்படி ஒரு வரி இருந்து, பிரதி நாலு பேரிடம் போயிருந்தால், சங்கம் எத்தனையாக உடைந்தாலும் கதைகள் தப்பியிருக்கும்.

தம்பி கையெழுத்திடவில்லை, மறுக்கவுமில்லை. மூடிய உரிமம் பற்றிய அந்த வசனம் ஏன் தேவை என்று கேட்டு எழுதியிருக்கிறான். இதற்கிடையில் தன் திருத்தத்தை, அந்த மென்பொருளின் திறந்த உரிமத்தின் கீழேயே, எவரும் எடுக்கக்கூடியவாறு தனியே வெளியிட்டும் விட்டான். பதில் இன்னும் வரவில்லை.

எமது பெட்டியின் அடியில் கைப்பிரதிகள் கிடந்தன. போன மாதம் மீண்டும் தட்டெழுதத் தொடங்கினோம். கதை சொன்ன பதினொரு பேரில் நால்வர் இப்போது இல்லை. மிஞ்சியோரில் ஒரு அம்மாவிடம் போய், உங்கள் கதையை எல்லோரும் எடுத்துப் போடலாம் என்று எழுதட்டுமா என்று கேட்டோம். "போடு தம்பி. ஆனா கிணத்துக்கை என்ன கிடக்குதெண்டு மட்டும் எழுதிப்போடாதை, அது இன்னும் எங்கடை காணி" என்றார். அந்தப் பந்தியை நீக்கிவிட்டோம். மற்ற நால்வருக்காக யாரிடம் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை. அவர்களுடைய பக்கங்களைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.